ஒன்பதாம் பின்

மாதாந்திரப் பராமரிப்பு. ஆவாரம்பாளையத்தில்
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை.
லேத்துகள் நின்றதும்
சந்துக்கடைசியில் யாரோ தும்முவது கேட்டது.
பையன்கள் டீக்குப் போய்விட்டார்கள்.
லேப்டாப்பில் இரண்டு மணி பத்து நிமிடம் சார்ஜ்.

முந்தின வாரம் ஒரு போர்டு புகைந்தது.
நாலாயிரத்து இருநூறு ரூபாய்.
ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமலே சொன்னான் மருதாசலம்:
"புக்குல ஒம்போதுன்னுதானுங்க்கா போட்டிருக்குது."
"புக்கு மேல பழி போடாத, கண்ணை எங்க வெச்சிருந்த?"
கேட்டது நான்தான்.
பம்ப் கேஸ்கெட் முந்நூறு பாக்கி,
பீளமேட்டுக்காரர் மூன்றாம் தடவை போனில்,
வாய் அதுபாட்டுக்குப் பேசியது.
சனிக்கிழமைக் கவரில் ஐந்நூறு பிடித்தேன், முதல் தவணை.

ஞாயிறு ராத்திரி கையேட்டைத் திறந்தால்
லிமிட் சுவிட்ச் ஒயரை ஒன்பதாம் பின்னில் செருகவும்
என்று தெளிவாகத்தான் இருக்கிறது.
மூன்றாம் பதிப்பில் ஒன்பது உள்ளே வாங்கும் பின்.
நான்காம் பதிப்பில் அது வெளியே தருகிறது,
வாங்குவது பதினொன்று.
மென்பொருள் பஸ் ஏறிப் போய்விட்டது,
கையேடு ஸ்டாப்பிலேயே நிற்கிறது.

யார் யாரோ காசு வாங்காமல் எழுதிக் கொடுத்த மென்பொருள்.
அதை வைத்துத்தான் எங்கள் மெஷின் ஓடுகிறது,
என் வீட்டு அடுப்பு எரிகிறது.
கையேட்டின் அடியில் ஒரு வரி: யாரும் திருத்தலாம்.
ஏழு வருசமாக யாரும் திருத்தவில்லை.
கீழுள்ள படத்தைப் பார்க்கவும் என்கிற இடத்தில் படமில்லை,
கிழிந்த தாள்போல ஒரு குறி.
'இப்பகுதி விரைவில்' என்று ஒரு தலைப்பு,
மளிகைக்கடையில் இன்று ரொக்கம் நாளை கடன் மாதிரி
எந்த நாள் போனாலும் விரைவில்.

அந்த ஒன்பதை எழுதியவரைத் தேடினேன், நாலு வார்த்தை வைய.
பெயர் வெறும் இரண்டெழுத்து.
பக்கத்தில் தேதி.
அந்தத் தேதிக்கு ஒன்பது சரி.

திங்கள் ராத்திரி மூடியைக் கழற்றி
ஒவ்வொரு பின்னாக மல்டிமீட்டர் வைத்தேன்.
செவ்வாய், கரண்ட் இல்லாத அன்று,
எழுத உட்கார்ந்தேன்.
என் இங்கிலீஷ் ஐ.டி.ஐ. இங்கிலீஷ்.
ஒரு பாரா எழுத முக்கால் மணி நேரம்.
அந்தப் பக்கத்தில் நாலு ஒன்பது,
மாற்ற வேண்டியது மூன்று.
நாலாவது பக்க எண். அதையும் மாற்றிவிட்டு
திரும்பப் போய் ஒன்பதாக்கினேன்.
எந்தப் பதிப்பிலிருந்து என்றும் ஒரு வரி சேர்த்தேன்,
பின்னால் வந்து என்னை வைகிறவர்களுக்காக.

அனுப்பும் முன் ஒரு பெட்டி கேட்டது:
ஏன் இந்த மாற்றம்?
கையேடு தவறு என்று எழுதினேன். அழித்தேன்.
கையேடு பழசு. அழித்தேன்.
பதினொரு சதவீதம் சார்ஜ்.
சரியாகப் படித்த ஒருவனை நான் திட்டிவிட்டேன்
என்று எழுதி அனுப்பிவிட்டு மூடினேன்.

பதினாறு நாள் கழித்து ஏற்றுக்கொண்டார்கள்.
எங்கோ பனி கொட்டுகிற ஊர்க்காரர்
ஒரு கமாவை நகர்த்தி, நன்றி போட்டிருந்தார்.
காரணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
அது அங்கேயே இருக்கிறது,
யாரும் படிக்கலாம்.

புது போர்டு வந்த அன்று
மருதாசலம் போனில் கையேட்டை விரித்து வைத்து
ஒயரை முறுக்கிக்கொண்டே சொன்னான்:
"பதினொண்ணுன்னு மாத்திப்போட்டானுங்க்கா.
எவனோ ஒருத்தன் உருப்படியா பாத்திருக்கான்."
ம் என்றேன்.

சனிக்கிழமைக் கவரில் ஐந்நூறு சேர்த்து வைத்தேன்.
வாங்கிப் போனவன் வாசலில் எண்ணிவிட்டுத் திரும்பி வந்தான்.
"சேத்திப் போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க்கா."
எதிர்ப் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது.
கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.